எம்.எல்.ஏ. ஆகணுமா? பேப்பர் வேலையில இருந்து ஆரம்பிங்க

எம்.எல்.ஏ. ஆகணும்னு ஆசை இருக்குன்னு வர்ற தம்பி தங்கச்சிங்க கேக்கிற முதல் கேள்வி எப்பவுமே "எவ்ளோ செலவாகும்ணே"தான், அடுத்தது "சீட்டு யார் கையில இருக்கு". ரெண்டும் நியாயமான கேள்வி, பதிலும் கீழ வருது. ஆனா வேட்பாளர் கூட நின்னு மனு ரெடி பண்றது, செலவுக் கணக்கு எழுதுறது, ஜெயிச்ச அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து மனு வாங்குறதுன்னு பின்னாடி இருந்தே பாத்தவன் நான், எனக்குத் தெரிஞ்சு இந்த வேலையில மைக்கை விட பேப்பருக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. மேடையில விசில் வாங்கினவங்க எத்தனையோ பேர் ஒரு கையெழுத்துல மாட்டிக்கிட்டு வெளிய போயிருக்காங்க.

நான் சொல்றது முழுக்க தமிழ்நாட்டு சட்டமன்றத்தைப் பத்தி. மேலவையை 1986லயே கலைச்சாச்சு, அதனால எம்.எல்.சி. ஆகி உள்ள போற வழி கிடையாது. ஆங்கிலோ இந்தியர் நியமன இடமும் 2020ல நின்னு போச்சு. மொத்தம் 234 தொகுதி, அதுல 44 எஸ்.சி. தனித்தொகுதி, ஏற்காடு சேந்தமங்கலம் ரெண்டும் எஸ்.டி. தொகுதி, இதுல ஒண்ணுல மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சாத்தான் உள்ள போக முடியும்.

1. தகுதி இருக்கான்னு முதல்ல பாருங்க

25 வயசு முடிஞ்சிருக்கணும், தமிழ்நாட்டுல ஏதோ ஒரு தொகுதியில வாக்காளரா இருக்கணும். நிக்கிற தொகுதியிலயே ஓட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல, மதுரையில ஓட்டு வெச்சுக்கிட்டு கடலூர்ல நிக்கலாம். தனித்தொகுதின்னா சாதிச் சான்றிதழ் வேணும். படிப்புக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி, மாட்டிக்கிறது வேற இடத்துல. அரசு சம்பளம் வாங்குற வேலையில இருந்தா ராஜினாமா லெட்டர் குடுத்தா மட்டும் போதாது, அதை ஏத்துக்கிட்டோம்னு உத்தரவு கையில வரணும், அது வராம மனு போட்டா பரிசீலனை அன்னைக்கு எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் முதல்ல எடுப்பார். அடுத்தது காண்ட்ராக்ட். நம்ம ஊர் அரசியல்ல ரோடு, கால்வாய், கட்டடம்னு மாநில அரசு வேலை எடுத்து செய்றவங்க ரொம்ப பேர், அந்த அரசு காண்ட்ராக்ட் உங்க பேர்ல நடப்புல இருந்தா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவுல தகுதி போயிடும். வேலையை முடிச்சு ஒப்படைச்சுட்டு, இல்ல வேற வழியில முறைப்படி விலகிட்டு, அதுக்கு ஆதாரம் வாங்கி ஃபைல்ல போட்டுட்டு வாங்க.

கிரிமினல் வழக்கு நிலுவையில இருந்தா நிக்கலாம், ஆனா அதை மறைக்கக் கூடாது. தண்டனை 2 வருஷமோ அதுக்கு மேலயோ வந்தா தீர்ப்பு வந்த நாள்லயே பதவி போயிடும், 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் அப்பீலைக் காட்டி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்கார முடியாது. மேல் கோர்ட் தண்டனைத் தீர்ப்பையே நிறுத்தி வெச்சாத்தான் பதவி திரும்பும். 2014ல முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாவுக்கே இந்த விதிதான். ஓசூர் எம்.எல்.ஏ.வா, விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்த பாலகிருஷ்ண ரெட்டி 1998ல நடந்த ஒரு கலவர வழக்குல 2019 ஜனவரியில 3 வருஷ தண்டனை வாங்கி பதவியை விட்டார். இருபது வருஷம் முன்னாடி மறியல்ல போட்ட கேஸ்தானேன்னு யாராவது சொன்னா, அந்த எஃப்.ஐ.ஆர். நம்பரையும் இப்ப எந்த நிலையில இருக்குங்கிறதையும் தேடி எடுத்து வெச்சுட்டு அப்புறம் பேசுங்க.

2. தொகுதியை வாக்காளர் பட்டியல்ல இருந்து படிங்க

தேர்தலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. பலர் போஸ்டர்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அது காசைக் கரைக்கிற வேலைன்னுதான் தோணும்.

தொகுதிகள் ஒரே அளவு இல்ல. 2021ல சோழிங்கநல்லூர்ல 6 லட்சத்துக்கும் மேல ஓட்டு, துறைமுகம் தொகுதியில 2 லட்சம் கூட இல்ல. அந்த வருஷக் கணக்குல சராசரியா இரண்டரை லட்சத்துக்கு மேலன்னு வெச்சுக்கங்க, 300 சொச்சம் பூத். தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்துல போன தேர்தலோட படிவம் 20 கிடைக்கும், அதுல ஒவ்வொரு பூத்லயும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கின ஓட்டு அப்படியே இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து, பூத் வாரியா எந்தக் கட்சி எவ்ளோன்னு கலர் போட்டாலே தொகுதியோட பாதி அரசியல் புரிஞ்சிடும், சாயங்காலம் டீக்கடையில ரெண்டு மணி நேரம் கேக்கிற கதைக்கு அது மேல்.

அடுத்தது பட்டியலை எடுத்துக்கிட்டு தெருவுக்குப் போறது. பட்டியல் கதவு எண் வரிசையிலதான் இருக்கும், ஆனா கிராமத்துல கதவு எண் தெருவோட ஓடாது, 3/14க்கு அடுத்து 3/41 இருக்கும், ஒரே குடும்பம் ரெண்டு பாகத்துல சிதறிக் கிடக்கும், கல்யாணம் ஆகிப் போன பொண்ணு பேர் இன்னும் அப்பா வீட்லயே இருக்கும், இறந்தவர் பேரும் இருக்கும். நல்ல பூத் ஏஜென்ட்ட பாத்தா தெரியும், அவர் பட்டியல்ல ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் பென்சில்ல சின்னச் சின்ன குறி இருக்கும், வெளிநாடுன்னா ஒண்ணு, திருப்பூர்ல வேலைன்னா ஒண்ணு, நம்ம ஆள்னா ஒண்ணு. அந்தப் பட்டியலை அவர் யார்கிட்டயும் குடுக்க மாட்டார், "தம்பி, பொண்டாட்டி நகையைக் கூட அடகு வெப்பேன், இதைத் தர மாட்டேன்"னு ஒரு பெரியவர் என்கிட்ட சொல்லியிருக்கார். அந்த மாதிரி பூத்துக்கு ஒருத்தர் உங்களுக்குக் கிடைச்சா நீங்க வேட்பாளர்.

பேர் சேர்க்க படிவம் 6, நீக்க 7, திருத்தவும் முகவரி மாத்தவும் 8. 18 வயசு ஆன பிள்ளைங்களுக்கு படிவம் 6 போட்டுக் குடுத்தா அந்த வீடே உங்க பேரை ஞாபகம் வெச்சுக்கும். தேர்தல் அறிவிச்ச அப்புறமும், மனு தாக்கல் கடைசி நாளுக்கு சுமார் 10 நாள் முன்னாடி வரைக்கும் சேர்க்க முடியும், ஆனா அந்த நேரத்துல யாருக்கும் நேரம் இருக்காது.

3. சீட்டு

நம்ம ஊர்ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2017 டிசம்பர் ஆர்.கே.நகர்ல டிடிவி தினகரன் பிரஷர் குக்கர் சின்னத்துல ஜெயிச்சார், ஆனா அவரை புது ஆள்னு சொல்ல முடியாது இல்லையா. சுயேச்சைக்கு இன்னொரு கஷ்டம், வாக்குப்பதிவு மெஷின்ல அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் பேர் முதல்ல, அப்புறம் பதிவு மட்டும் பண்ண கட்சிகள், கடைசியிலதான் சுயேச்சைங்க, உங்க பேரை மக்கள் தேடிக் கண்டுபிடிக்கணும்.

கட்சி வழின்னா கிளைச் செயலாளர்ல ஆரம்பிச்சு ஒன்றியம், நகரம், மாவட்டம்னு ஏறுறது ஒரு வழி, உள்ளாட்சி வழியா வர்றது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். உள்ளாட்சிக்கு 21 வயசு போதும், பெண்களுக்கு பாதி இடம் ஒதுக்கியிருக்கு, ஒரு ஊராட்சித் தலைவரா அஞ்சு வருஷம் பி.டி.ஓ. ஆபீஸுக்கு அலைஞ்சவங்களுக்கு எஸ்டிமேட்னா என்ன, நிர்வாக அனுமதின்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்னு நினைக்கிறேன், ஏன்னா உள்ளாட்சியில இவ்ளோ பேர் இருந்தும் 2021 சட்டமன்றத்துக்கு ஜெயிச்சு வந்த பெண்கள் வெறும் 12 பேர். மூணுல ஒரு பங்கு ஒதுக்கீடு 2023ல சட்டமாச்சு, ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ரெண்டும் முடிஞ்சாத்தான் நடைமுறைக்கு வரும்னு அந்தத் திருத்தத்துலயே எழுதியிருக்கு.

தேர்தல் நெருங்கும்போது சீட்டு கேக்கிறவங்ககிட்ட கட்சி விருப்ப மனு வாங்கும், அதுக்கு கட்டணம் உண்டு. 2021ல திமுக பொதுத் தொகுதிக்கு 25,000, பெண்களுக்கும் தனித்தொகுதிக்கும் 15,000 வாங்கினாங்க, அதிமுக 15,000. பணம் கட்டினவங்களை நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷம்தான். எத்தனை வருஷமா கட்சியில இருக்கீங்க, போராட்டத்துல ஜெயிலுக்குப் போனீங்களா, தொகுதியில எந்த சமுதாயம் எவ்ளோ, எவ்ளோ செலவு பண்ண முடியும், இதுதான் கேள்வி. இங்க நீங்க எடுத்துக்கிட்டுப் போன படிவம் 20 கணக்கை பூத் நம்பரோட சொன்னீங்கன்னா எதிர்ல உக்காந்திருக்கிறவர் நிமிர்ந்து பாப்பார். மாவட்டச் செயலாளர் மனசுல என்ன இருக்குங்கிறது வேற கதை, கூட்டணிக்கு உங்க தொகுதியைக் குடுத்துட்டா அன்னைக்கோட முடிஞ்சது, அடுத்த அஞ்சு வருஷம் அதே ஆட்களோட நிக்கத் தெம்பு இருந்தா மட்டும் இந்தப் பக்கம் வாங்க.

4. வேட்புமனு, இங்கதான் உசுரு

அறிவிக்கை வந்த நாள்ல இருந்து ஒரு வாரம் மனு தாக்கல், மறுநாள் பரிசீலனை, அதுக்கு ரெண்டு நாள்ல வாபஸ். தாக்கல் நேரம் காலையில 11ல இருந்து மதியம் 3 வரை. கடைசி நாள் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பாத்து எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்க, ஆபீஸ் வாசல்ல கோயில் கூட்டம் மாதிரி நிக்கும், அதுக்கு முந்தின நாளே போயிடுங்க. தேர்தல் நடத்தும் அலுவலர் ரூமுக்குள்ள உங்களோட சேத்து 5 பேர்தான், 100 மீட்டருக்குள்ள 3 வண்டிதான்.

மனு படிவம் 2பி. ஆன்லைன்ல பூர்த்தி பண்ணலாம், ஆனா பிரிண்ட் எடுத்து கையெழுத்துப் போட்டு நேர்ல குடுத்தாத்தான் மனு. ஒரு தொகுதிக்கு 4 செட் வரைக்கும் போடலாம், கண்டிப்பா ரெண்டாவது போடுங்க, முடிஞ்சா வேற முன்மொழிபவரை வெச்சு. அதிகபட்சம் ரெண்டு தொகுதியில நிக்கலாம். டெபாசிட் பொதுவா 10,000, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5,000. உங்க ஓட்டு வேற தொகுதியில இருந்தா அந்தப் பட்டியலோட சான்றிட்ட நகல் வேணும். போட்டோ 2 செ.மீ.க்கு 2.5 செ.மீ., கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம் வேண்டாம்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், கட்சி குடுக்கிற படிவம் ஏ, பி கடைசி நாள் 3 மணிக்குள்ள அலுவலர் கையில இருக்கணும், மை கையெழுத்தோட ஒரிஜினல்தான் செல்லும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் 10 பேர் முன்மொழியணும், 10 பேரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும். இந்த 10 பேர் விதி வந்த கதை நம்ம மாநிலத்தோடது. 1996ல மொடக்குறிச்சியில விவசாயிங்க தங்களோட கோரிக்கையைக் காட்ட கூட்டமா மனு போட்டு 1,033 பேர் களத்துல நின்னாங்க, வாக்குச்சீட்டைப் புத்தகமா அடிக்க வேண்டியதாப் போச்சு. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயா இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கி, முன்மொழிபவர் எண்ணிக்கையையும் ஏத்திட்டாங்க.

அந்த 10 பேரை சும்மா தெருவுல போறவங்களா பிடிக்காதீங்க. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல நடிகர் விஷால் மனு போட்டார், முன்மொழிஞ்சவங்கள்ல ரெண்டு பேர் அது எங்க கையெழுத்து இல்லன்னு சொல்லிட்டாங்க, மனு தள்ளுபடி. அவ்ளோ பிரபலமான ஆளுக்கே அதான் கதி. பரிசீலனை அன்னைக்கு அந்த 10 பேரும் உங்க கண் பார்வையில இருக்கணும், செல்போன் சார்ஜோட. முடிஞ்சா கூடுதலா ரெண்டு பேரை வெச்சு இன்னொரு செட்.

அப்புறம் படிவம் 26, பிரமாணப் பத்திரம். உங்க சொத்து, மனைவி இல்ல கணவர் சொத்து, உங்களை நம்பி இருக்கிறவங்க சொத்து, கடன், அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கு, நிலுவை வழக்கு, படிப்பு, எல்லாம் இதுல. ஒரு கட்டத்தைக் கூட காலியா விடாதீங்க, கோடு போடாதீங்க, இல்லன்னா "இல்லை"ன்னு எழுதுங்க, பொருந்தாதுன்னா "பொருந்தாது"ன்னு எழுதுங்க. காலியா விட்டா மனுவைத் தள்ளலாம்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லியாச்சு. அதே ஆர்.கே.நகர்ல ஜெயலலிதாவோட அண்ணன் பொண்ணு தீபா மனு தள்ளுபடி ஆனதும் இந்தப் பத்திரத்தை முழுசா நிரப்பாததாலதான். கூட்டுப் பட்டாவுல உங்க பங்கு, அம்மா பேர்ல இருக்கிற நகை, பழைய ஆட்டோ, எல்ஐசி பாலிசி, இதையெல்லாம் எழுத வீட்ல உக்காந்து ஒரு முழு நாள் எடுத்துக்கங்க. வீட்டுக்காரம்மா நகைக் கணக்கு கேட்டா முதல்ல கோவப்படுவாங்க, பரவால்ல.

மனு குடுத்த உடனே அங்கயே உறுதிமொழி எடுத்துடுங்க. பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள்ள எடுக்கலைன்னா எல்லாம் சரியா இருந்தும் மனு செல்லாது. வழக்கு இருக்கிறவங்க அதை பேப்பர்லயும் டிவியிலயும் மூணு தடவை விளம்பரம் பண்ணணும், அந்தக் கட்டிங்கையும் பத்திரமா வைங்க.

5. செலவு

சட்டப்படி பெரிய மாநிலத்துல ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம், 2022 ஜனவரியில ஏத்தினது. நெஜத்துல எவ்ளோ ஆகுதுங்கிறதை டீக்கடையில கேளுங்க, நான் சொல்லப் போறதில்ல. ஓட்டுக்குப் பணம் குடுக்கிறது குற்றம், அதுல தேர்தலே நின்னு போன ஊர் நம்ம ஊர், 2016ல அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகரும்.

புது ஆளுக்கு சட்டபூர்வமான பக்கம் மட்டும் சொல்றேன். மனு போடுறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது தேர்தலுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் திறக்கணும், எல்லா செலவும் அது வழியாத்தான், ஒருத்தருக்கு 10,000க்கு மேல ரொக்கமா குடுக்கக் கூடாது. மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப் பட்டியல் போடுவார், டீ, வடை, பிரியாணி, பிளாஸ்டிக் சேர், சாமியானா, மேளம், டாடா சுமோ ஒரு நாள் வாடகைன்னு எல்லாத்துக்கும் விலை. நீங்க தெரிஞ்சவர்கிட்ட ஓசியில சேர் வாங்கிப் போட்டாலும் அந்த விலையிலதான் உங்க கணக்குல ஏறும். தேர்தல் ஆபீஸ் ஆட்கள் வீடியோ எடுத்து, சேரை எண்ணி, உங்களுக்குன்னு ஒரு நிழல் பதிவேடு வெச்சிருப்பாங்க, பிரசாரத்துக்கு நடுவுல மூணு தடவை உங்க பதிவேட்டை அதோட ஒப்பிடுவாங்க. தலைவர் கூட்டத்துல நீங்க மேடை ஏறினா அந்தச் செலவுல பங்கு உங்க தலையில. கணக்கு எழுத கட்சிக்காரர் வேண்டாம், ஒரு ரிட்டயர்டு பேங்க் கிளார்க்கைப் பிடிங்க, சொந்தக்காரரா இருந்தா இன்னும் நல்லது.

6. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

அன்னைக்கு நீங்க செய்ய ஒண்ணுமே இல்ல, எல்லாம் ஏஜென்ட் கையில. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், அதுல உங்க ஆள் இருக்கணும். சாயங்காலம் முடிஞ்சதும் படிவம் 17சி நகல் வாங்காம பூத்தை விட்டு நகரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்காத குறையா சொல்லிடுங்க, அதுல அந்த பூத்ல மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சு, மெஷின் நம்பர் என்ன, சீல் நம்பர் என்னன்னு எல்லாம் இருக்கும், எண்ணும்போது மேஜையில அதை வெச்சுத்தான் சரிபாக்கணும்.

ஒரு ஓட்டுல என்ன ஆகப் போகுதுன்னு சொல்றவங்களுக்கு ராதாபுரம் 2016ஐ சொல்லுங்க. அதிமுகவோட இன்பதுரை திமுகவோட அப்பாவுவை 49 ஓட்டுல ஜெயிச்சார். தபால் ஓட்டுகளைத் தள்ளுபடி பண்ணது சரியில்லன்னு வழக்கு, ஐகோர்ட் 2019ல மறுபடி எண்ணச் சொல்லுச்சு, எண்ணினாங்க, முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, அதுக்குள்ள அந்தப் பேரவையே முடிஞ்சு போச்சு. அப்பாவு 2021ல அதே தொகுதியில ஜெயிச்சு பேரவைத் தலைவரே ஆகிட்டார். 2021லயே தியாகராய நகர்ல வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில 281.

7. ஜெயிச்சாச்சு, இனிமே என்ன வேலை

தேர்தல் நடத்தும் அலுவலர் குடுக்கிற சான்றிதழ் இல்லாம ஜார்ஜ் கோட்டைக்குள்ள பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது, மாலை போடுற அவசரத்துல அதை யார்கிட்டயோ குடுத்துட்டுத் தேடாதீங்க.

சம்பளம் கேப்பீங்க. 2017 ஜூலையில இருந்து 55,000ஐ 1,05,000 ஆக்கினாங்க, அதுல சம்பளம்னு பேரு 30,000க்குத்தான், மிச்சம் எல்லாம் தொகுதிப்படி 25,000, வண்டிப்படி 25,000, டெலிபோன், தபால்னு படிகள். சேப்பாக்கம் பக்கம் எம்.எல்.ஏ. ஹாஸ்டல்ல ரூம், அரசு பஸ் பாஸ், தொகுதியில ஒரு ஆபீஸ். கல்யாண மொய், காதுகுத்து, கோயில் கொடை, கிரிக்கெட் கப், துக்க வீட்டு மாலைன்னு போறதைக் கணக்குப் பாத்தா அந்தப் பணம் மாசப் பாதியைத் தாண்டாது.

காலையில 7 மணிக்கே வாசல்ல ஆள் நிக்கும். முதியோர் உதவித்தொகை நின்னு போச்சு, பட்டாவுல பேர் மாறல, டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு மூணு நாளாச்சு, பையனுக்கு காலேஜ் சீட், போலீஸ் ஸ்டேஷன்ல கூப்பிட்டு வெச்சிருக்காங்க. இதுல நேரடியா செய்ய உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்ல, தாசில்தார் செய்யணும், மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) செய்யணும், நீங்க லெட்டர் போட்டு போன் பண்ணலாம், அவ்ளோதான். அதனால ஒரு மனுப் பதிவேடு போடுங்க, வரிசை எண், தேதி, பேர், ஊர், போன், எந்த ஆபீஸுக்கு அனுப்பினது, என்ன பதில். மனு குடுத்தவருக்கு அந்த வரிசை எண்ணை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு உங்க பி.ஏ. அவருக்கு போன் போட்டு "அம்மா, உங்க மனு ஆர்.ஐ.கிட்ட இருக்கு, விஏஓ ரிப்போர்ட் வரணும்"னு சொன்னா, வேலை முடியலைன்னாலும் அந்தம்மா ஊர்ல உங்களைப் பத்தி நல்லதாத்தான் பேசும். முடியாததை அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிடுங்க, பாப்போம் பாப்போம்னு இழுத்தடிச்சு கெட்ட பேர் வாங்கின எம்.எல்.ஏ.ங்க நிறைய.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. காசு உங்க கைக்கு வராது, நீங்க கலெக்டருக்கு பரிந்துரைக் கடிதம் குடுப்பீங்க, என்ஜினியர் எஸ்டிமேட் போடுவார், கலெக்டர் நிர்வாக அனுமதி குடுப்பார், டெண்டர், அப்புறம் வேலை. வருஷ ஆரம்பத்துலயே பட்டியலைக் குடுத்துடுங்க, இல்லன்னா மார்ச்ல அவசரமா பேருந்து நிழற்குடையா கட்டி உங்க பேரைப் பெருசா எழுதி வெச்சுட்டுப் போவீங்க. கடிதம் குடுக்கிறதுக்கு முன்னாடி இடம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, புறம்போக்குன்னு நெனச்சு சமுதாயக் கூடத்துக்கு எழுதின இடம் கோயில் நிலமா இருக்கும், ஃபைல் அங்கயே படுத்துடும்.

8. பேரவைக்குள்ள பேசறது எப்படி

முதல் தடவை வந்தவங்களுக்குப் பேச நேரம் கம்மி, மானியக் கோரிக்கை (துறைவாரியா நிதி கேக்கிறது) விவாதத்துல யார் பேசணும்னு கட்சிக் கொறடாதான், அதாவது அவையில கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கு உத்தரவு போடுறவர்தான், பேர் குடுப்பார். அங்க உங்க தலைவரைப் புகழ்ந்தே பாதி நேரம் போயிடும், அது நடைமுறையாவே ஆயிடுச்சு, என்ன பண்ண. அதனால உங்களுக்கு உண்மையான ஆயுதம் கேள்வி நேரம்தான். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு "அரசு ஆவன செய்யுமா?"ன்னு முடியும்.

புது எம்.எல்.ஏ.க்கள் இங்க ஒரு இடத்துல வழுக்குவாங்க. எங்க ஊருக்கு பாலம் வருமான்னு கேப்பாங்க, அமைச்சர் எழுந்து "அதற்கான கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு உக்காந்துடுவார், மறுநாள் பேப்பர்ல அதான் வரும். கேள்வி போடுறதுக்கு முன்னாடியே மாவட்டத்துல அந்தத் துறை என்ஜினியரைப் பாத்து, எஸ்டிமேட் போட வெச்சு, கருத்துருவை, அதாவது இந்த வேலையைச் செய்யலாம்னு துறை எழுதுற திட்டத்தை, சென்னைக்கு அனுப்ப வைக்கணும், அனுப்பின கடித எண்ணையும் தேதியையும் கையில வாங்கிக்கணும். அப்புறம் கேள்வி போட்டா அமைச்சர் "நிதி நிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"னாவது சொல்லியாகணும், துணைக் கேள்வியில அந்த எண்ணை நீங்க சொன்னா இன்னும் கொஞ்சம் இறங்கி வருவார். செய்றோம்னு அமைச்சர் அவையில சொன்னது எல்லாம் உறுதிமொழி, அது நடந்துச்சா இல்லையான்னு துரத்துறதுக்குன்னே பேரவையில உறுதிமொழிக் குழு இருக்கு. அந்தக் குழு, பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, இந்த மாதிரி குழுவுல இடம் கிடைச்சா விட்டுடாதீங்க, கேமரா இல்லாததால அங்க கட்சிச் சண்டை கம்மி, அதிகாரிங்க ஃபைலோட வந்து உக்காந்து பதில் சொல்லுவாங்க. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு வேலை நடக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். வெளிநடப்பு பண்ற நாள்லயும் உங்க தொகுதிக் கேள்வி முடிஞ்ச அப்புறம் வெளிய போனா தப்பில்ல, கொறடா முறைப்பார், சமாளிச்சுக்கங்க.

அனுமதி வாங்காம 60 நாள் கூட்டத்துக்கு வராம இருந்தா இடம் காலின்னு அறிவிக்கலாம். கட்சித் தாவல் சட்டம் அதை விட ஆபத்து, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாத்தான் பதவி போகும்னு நெனைக்காதீங்க. 2017ல 18 அதிமுக எம்.எல்.ஏ.க்கள் முதலமைச்சர் மேல நம்பிக்கை இல்லன்னு ஆளுநர்கிட்ட கடிதம்தான் குடுத்தாங்க, அதையே தானா கட்சியை விட்டுப் போனதா எடுத்துக்கிட்டு பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் பண்ணார், 2018ல ஐகோர்ட்டும் அது சரின்னுடுச்சு. சுயேச்சையா ஜெயிச்சவங்க அப்புறமா ஒரு கட்சியில சேந்தாலும் பதவி காலி, வெளிய இருந்து ஆதரவு குடுத்துட்டு விடுங்க.

9. தோத்தவங்களுக்கு

நிக்கிறவங்கள்ல முக்காவாசிப் பேர் இந்தப் பகுதிக்குத்தான் வருவீங்க, அதனால கவனமா படிங்க. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கியிருந்தா டெபாசிட் திரும்பக் கிடைக்கும். எண்ணிக்கையில தப்பு நடந்துச்சுன்னு நெனச்சா முடிவு வந்த 45 நாளுக்குள்ள ஐகோர்ட்ல தேர்தல் மனு போடணும், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டாங்க, 17சி நகல் மொத்தமும் அப்ப வேணும்.

செலவுக் கணக்கை, ஜெயிச்சாலும் தோத்தாலும், டெபாசிட்டே போனாலும், முடிவு வந்த 30 நாளுக்குள்ள மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட குடுத்தே ஆகணும். தோத்த சோகத்துல போனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போறவங்கதான் இதை விடுறாங்க, அப்புறம் நோட்டீஸ் வரும், பதில் போடாம விட்டா தேர்தல் ஆணையம் 3 வருஷத்துக்கு தகுதிநீக்கம் பண்ணிடும், நடுவுல உள்ளாட்சித் தேர்தல், இடைத்தேர்தல் வந்தா கைகட்டி வேடிக்கை பாக்க வேண்டியதுதான். பதிவேடு, ஒரிஜினல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பிரமாணப் பத்திரம் நாலையும் ஒரே கட்டா குடுத்துட்டு, ஒப்புகை ரசீதுல சீலும் தேதியும் இருக்கான்னு பாத்து வாங்கிட்டு, அதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வேற வேற இடத்துல வைங்க.